பனிக்கடியில் ஒரு ஒர்க்‌ஷாப்

தென்துருவத்தை முதலில் அடைந்தவர் யார்? ரோவால்ட் அமுண்ட்சென். நார்வே நாட்டுக்காரர். 1911 டிசம்பர் 14. ஒரு மார்க் கேள்வி. பள்ளிக்கூடத்தில் இதை எழுதி அந்த மார்க்கை வாங்கிவிட்டு எல்லோரும் மறந்திருப்போம். ஆனால் அவர் எதைக் காலில் மாட்டிக்கொண்டு போனார், அதை யார் இழைத்தது, எந்த வாரைக் கழற்றி ராத்திரி கூடாரத்துக்குள் எடுத்து வைத்தார்கள் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. டிப்ளமோ படிக்கிற நமக்குத்தான் அந்தக் கேள்விகள் பொருத்தம். அதனால் அந்தப் பக்கமாகவே அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்கீ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம்மில் பனியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. மழைக்காலத்தில் சேற்று வயலில் கால் முழங்கால் வரை புதைகிறது. அதே சேற்றில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் புதைவதில்லை. விசை வகுத்தல் பரப்பு, முதல் வருடத்தில் படித்த அதே சூத்திரம்தான். இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், ஒரு சாண்கூட இல்லாத அகலம், முனை மேல்நோக்கி வளைந்த இரண்டு மரப்பலகைகள். பூட்ஸோடு நிற்பதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பரப்பு கிடைத்துவிடும். பலகையின் நடுப்பகுதி வில் மாதிரி லேசாக மேலே எழும்பியிருக்கும். ஆள் ஏறி நின்றதும் அது அமுங்கி, எடை முழுநீளத்துக்கும் பரவும். அந்த வில் செத்துப்போனால் ஸ்கீயும் செத்த மாதிரிதான். அதனால் வேலையில்லாத மாதங்களில் இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகி வைப்பார்கள். ஈரம் இறங்காமல் இருக்க அடிப்பக்கத்தில் பைன் மரத் தாரைச் சூடு காட்டி ஊற வைப்பார்கள். பராமரிப்பு என்கிற பாடம் பலகையிலேயே ஆரம்பிச்சிடுது!

அமுண்ட்சென் 1872 ஜூலை 16 அன்று போர்கே என்ற ஊரில் பிறந்தார். கப்பல் வைத்துப் பிழைத்த குடும்பம். குழந்தையாக இருக்கும்போதே தலைநகர் கிறிஸ்டியானியாவுக்கு, அதாவது இன்றைய ஆஸ்லோவுக்கு, குடிபெயர்ந்தார்கள். 14 வயதில் அப்பா போய்விட்டார். மகன் டாக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இவருக்கோ 1888-ல் நான்சன் என்பவர் ஐந்து பேரோடு ஸ்கீயில் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்ததிலிருந்து மனசெல்லாம் பனியில்தான். மறுவருடம் நான்சன் ஊர் திரும்பியபோது கூடிய கூட்டத்தில் இந்தப் பையனும் நின்றிருந்தார். அம்மா மனம் கோணக்கூடாது என்று மருத்துவம் படிக்கப் போனார். 1893-ல் அம்மா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டார். இது சரியா தப்பா என்று நம்ம ஹாஸ்டலில் ஒருநாள் ராத்திரி பெரிய விவாதமே நடந்தது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கிற எங்களில் சிலருக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. அவருக்குக் கப்பல் குடும்பத்துச் சொத்து பின்னால் இருந்தது என்பதையும் சொல்லத்தானே வேணும்.

1896 ஜனவரியில் அண்ணன் லியோனோடு ஹார்டாங்கர் பீடபூமியைக் குளிர்காலத்தில் ஸ்கீயில் கடக்கப் போனார். துருவப் பயணத்துக்கு ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்ற எண்ணம். உயிர் தப்பியதே பெரிய காரியமாகிவிட்டது. சாப்பாட்டுப் பைகளைப் பனியில் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். காலையில் பைகள் எங்கே புதைந்தன என்றே தெரியவில்லை. ஒரு ராத்திரி பனியில் குழி தோண்டி உறைபையோடு படுத்தார். மேலே விழுந்த ஈரப்பனி விடிவதற்குள் கட்டியாக உறைந்து, கையைக் காலை அசைக்க முடியவில்லை. அண்ணன் தோண்டி எடுக்காவிட்டால் நம் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒரு நாட்டுக்குள்ளேயே, ஆள் நடமாட்டத்துக்குப் பக்கத்திலேயே இது நடந்தது. சாமான் விஷயத்தில் பின்னாளில் அவர் பிடித்த பிடிவாதத்துக்கு வேர் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த பத்து வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1897 முதல் 1899 வரை பெல்ஜிகா என்ற கப்பலில் துணை அதிகாரியாக அண்டார்டிகா போனார். கப்பல் பனியில் ஒரு வருடத்துக்கும் மேல் சிக்கிக்கொண்டது. ஸ்கர்வி நோய் வந்தது. சீல், பென்குயின் கறியைச் சாப்பிட வைத்து ஆட்களைக் காப்பாற்றியதில் டாக்டர் ஃபிரெடரிக் குக்குக்கு முக்கியப் பங்கு. பிறகு 1903-ல் யோவா என்ற சின்ன மீன்பிடிக் கப்பலில் ஆறு பேரோடு கிளம்பி, நூற்றாண்டுக் கணக்கில் பலர் தேடித் தோற்ற வடமேற்குக் கடல்வழியை 1906-ல் முழுசாகக் கடந்தார். வழியில் இரண்டு குளிர்காலம் கிங் வில்லியம் தீவில் தங்கியபோது நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் மாணவனாக உட்கார்ந்தார். பனிமான் தோல் உடையை உடம்போடு ஒட்டாமல் தளர்வாகப் போட்டால் வியர்வை தங்காது என்பது அங்கே கற்றது. ஐரோப்பியக் கம்பளிதான் உசத்தி என்று நினைத்த காலத்தில், வேட்டையாடிப் பிழைக்கிற மக்களிடம் கற்றுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இது.

அதன் பிறகு வடதுருவம்தான் இலக்கு. நான்சனிடம் ஃபிராம் கப்பலை இரவல் வாங்கினார். 1909 செப்டம்பரில் குக்கும் பியரியும் தனித்தனியாக வடதுருவத்தை அடைந்துவிட்டதாக அறிவித்தார்கள். உடனே அமுண்ட்சென் ரகசியமாகத் திசையைத் தெற்கே திருப்பினார். கப்பலில் இருந்த பெரும்பாலானவர்களுக்கே 1910 செப்டம்பரில் மடெய்ரா தீவில்தான் விஷயம் தெரியும். ஏற்கெனவே தென்துருவத்துக்குக் கிளம்பியிருந்த இங்கிலாந்தின் ஸ்காட்டுக்கு ஒரு தந்தி போனது. கப்பலை நம்பிக் கொடுத்த நான்சனுக்கும் பின்னால்தான் தெரியும். சாமர்த்தியம் என்பார்கள் சிலர். எனக்கு அது அவ்வளவு நேர்மையாகப் படவில்லை.

1911 ஜனவரியில் திமிங்கில விரிகுடாவில் இறங்கினார்கள். நார்வேயிலேயே செய்து பிரித்துக் கொண்டுவந்த மரவீட்டைப் பூட்டி, ஃபிராம்ஹைம் என்று பேர் வைத்தார்கள். ஒன்பது பேர், நூற்றுக்கு மேல் கிரீன்லாந்து நாய்கள். வெளிச்சம் இருக்கும்போதே 80, 81, 82 டிகிரிகளில் உணவுக் கிடங்குகள் வைத்துவிட்டு வந்தார்கள். ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைந்தது. இனி நான்கு மாதம் ராத்திரி.

இந்த நான்கு மாதம்தான் கதையின் உயிர். வீட்டைச் சுற்றிப் பனி மூடிக்கொண்டது. அவர்கள் அந்தப் பனியையே குடைந்து அறை அறையாக ஆக்கினார்கள். ஒன்று தச்சுப் பட்டறை, ஒன்று தையல் அறை, ஒன்று நிலக்கரிக்கு, ஒன்று நீராவிக் குளியலுக்குக்கூட! விளக்கு வெளிச்சத்தில், தலைக்கு மேலே பனி, காலுக்குக் கீழே பனி, நடுவில் ஒரு பட்டறை மேஜை. நம்ம கார்பென்ட்ரி ஷாப்பில் ஃபேன் ஓடவில்லை என்று புலம்புகிறோமே!

பட்டறைக்கு ராஜா ஓலாவ் பியோலாண்ட். டெலிமார்க் மாவட்டத்து மோர்கெடால்காரர். இப்போதைய ஸ்கீயின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஊர் அது. போட்டிகளில் பேர் வாங்கிய வீரர், கூடவே கைதேர்ந்த தச்சர். கொண்டுவந்த சறுக்குவண்டிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75 கிலோ. கரடுமுரடான இடத்துக்கு என்று கனமாகச் செய்தவை. ஆனால் கிடங்கு வைக்கப் போனபோது பார்த்தால் தரை பெரும்பாலும் சமதளம். அவ்வளவு கனம் வீண். பியோலாண்ட் இழைப்புளியை எடுத்தார். வண்டியின் ஒவ்வொரு சட்டத்தையும் இழைத்து இழைத்து, எடையை மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்? ஒரு மி.மீ. அதிகம் போனால் ஆயிரம் கி.மீ. தள்ளி வண்டி முறியும். மாற்று வண்டி கொண்டுவர யாரும் வரமாட்டார்கள். இந்தக் கணக்கு அவர் கையில் இருந்தது. இழைத்த சட்டங்களை ஹான்சனும் விஸ்டிங்கும் ஆணி அடிக்காமல் வாரால் இறுக்கிக் கட்டினார்கள். ஆணி அடித்த மூட்டு குளிரில் அதிர்ந்து பிளக்கும். கட்டிய மூட்டு வளைந்து கொடுக்கும்.

என் தாத்தா தச்சு வேலை செய்தவர். வேலை முடிந்ததும் இழைப்புளிக் கத்தியைக் கழற்றி, எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். பாட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவார். பியோலாண்டைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

ஸ்கீ விஷயத்துக்கு வருவோம். மரம் ஹிக்கரி. வட அமெரிக்காவில் விளையும் கடினமான, ஆனால் வளைந்து கொடுக்கிற மரம். நீளம் 8 அடி. ஏன் அவ்வளவு நீளம்? திருப்புவதற்குச் சின்ன ஸ்கீதான் சுலபம். ஆனால் பனியாறுகளில் பிளவுகள் உண்டு. மேலே மெல்லிய பனி பாலம் மாதிரி மூடியிருக்கும், கீழே பாதாளம். ஸ்கீ எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு எடை பரவி, பாலம் தாங்குகிற வாய்ப்பு கூடும். போகிற இடம் என்ன கேட்கிறது என்று பார்த்துச் சாமான் எடுத்தார். மற்றவன் என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்து எடுக்கவில்லை.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் உறுப்புக்கு பைண்டிங் என்று பேர். கால்விரல் பக்கம் இரும்புக் காதுகள் பூட்ஸைப் பிடிக்கும். குதிகாலைச் சுற்றி ஒரு வார். குதிகால் தூக்கத் தூக்க மேலே வரும், அப்போதுதான் நடக்க முடியும். ஹூயிட்ஃபெல்ட், ஹோயர் எல்லெஃப்சன் என்ற இரண்டு மாதிரிகளைக் கலந்து செய்த பைண்டிங்கை அவர்கள் பயன்படுத்தினார்கள். இதில் ஒரு வில்லங்கம், நாய்கள்! தோல் வாரைக் கண்டால் அவற்றுக்குக் கறிவிருந்து மாதிரி. ஒரே ராத்திரியில் ஒரு பைண்டிங் காலி. அதனால் ஒவ்வொரு மாலையும் வார்களைக் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். காலையில் உறைந்த விரல்களோடு மறுபடி மாட்ட வேண்டும். ஆகவே சீக்கிரம் கழற்றவும் மாட்டவும் தோதாக ஒவ்வொருவரும் தன் பைண்டிங்கைக் குளிர்காலத்திலேயே மாற்றி அமைத்துக்கொண்டார்கள்.

பெரிய தலைவலி பூட்ஸ்தான். பைண்டிங் பிடிக்க வேண்டுமானால் அடித்தோல் விறைப்பாக இருக்க வேண்டும். குளிர் தாங்க வேண்டுமானால் உள்ளே பல அடுக்குக் காலுறை போடுகிற அளவு இடமும் மெத்தென்ற மேல்பகுதியும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். நார்வேயில் பார்த்துப் பார்த்துச் செய்த பூட்ஸ், கிடங்குப் பயணத்தில் காலை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுத்தது. குளிர்காலத்தில் பிரித்தார்கள், அடுக்குகளை எடுத்தார்கள், அகலமாக்கினார்கள், தைத்தார்கள். போட்டு நடந்து பார்த்தார்கள். மறுபடி பிரித்தார்கள். டிசைன், சோதனை, திருத்தம், மறுபடி சோதனை என்று நம்ம ஆசிரியர்கள் போர்டில் வட்டம் போட்டுக் காட்டுவார்களே, அது இதுதான்.

இன்னும் சில சங்கதிகள். ஸ்டூபெருட் சாமான் பெட்டிகளின் பலகையை இழைத்து மெலிதாக்கினார். பெட்டியின் மேலே சின்ன வட்ட மூடி. வண்டியில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே வேண்டியதை எடுக்கலாம். தினமும் கயிறு அவிழ்த்துக் கட்டுகிற வேலை மிச்சம். யோஹான்சன் ஆயிரக்கணக்கான பிஸ்கட்டை எண்ணி எண்ணி அடுக்கினார். மண்ணெண்ணெய் டின்களின் வாயை ஈயம் வைத்து அடைத்தார்கள். ஸ்காட் அணியின் டின்களிலோ தோல் வாஷர். கடுங்குளிரில் அதன் வழியே எண்ணெய் போய்விட, திரும்பும் வழியில் கிடங்குகளில் குறைவாகத்தான் இருந்தது. ஒரு வாஷர், நண்பர்களே! இது தவிர தினமும் காலையில் வெளியே எவ்வளவு குளிர் என்று ஒவ்வொருவரும் ஊகித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்பவருக்குப் பரிசு. வழியில் தெர்மாமீட்டர் உடைந்துபோனாலும் உடம்பு கணிக்கப் பழகட்டும் என்றுதான்.

இவ்வளவு பொறுமையாக வேலை பார்த்த மனிதர் ஒரு இடத்தில் பொறுமை இழந்தார். ஸ்காட்டிடம் மோட்டார் வண்டிகள் இருந்தன. அவை முந்திவிடுமோ என்ற பயம் அவரை அரித்தது. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் வந்ததும் கிளம்பத் துடித்தார். இன்னும் குளிர் அதிகம், வேண்டாம் என்று யோஹான்சன் தடுத்தார். அவர் சாதாரண ஆள் இல்லை. 1895-ல் நான்சனோடு இரண்டே பேராக வடதுருவத்தை நோக்கி 86 டிகிரி தாண்டிப் போனவர். கேட்கவில்லை. செப்டம்பர் 8-ம் தேதி எட்டுப் பேர் கிளம்பினார்கள். மைனஸ் 56 டிகிரி வரை போனது. அவ்வளவு குளிரில் பனி மணல் மாதிரி ஆகிவிடும். ஸ்கீ உராயும் சூட்டில் உருகி வழுக்க வைக்கும் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகாது. நாய்களின் பாதம் வெடித்தது. 80 டிகிரி கிடங்கில் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பும் கடைசி நாள்தான் மோசம். அமுண்ட்சென் வேகமான வண்டியில் முன்னால் போய்விட்டார். ஒருவருக்கொருவர் காத்திருக்கவில்லை. பிரெஸ்ட்ருட்டின் குதிகால் குளிரில் உறைந்து, நாய்களும் தளர்ந்து, பின்தங்கிவிட்டார். அவரைத் தனியே விடாமல் கூட்டிவந்தவர் யோஹான்சன். சாப்பாடும் இல்லாமல், அடுப்புக்கு எண்ணெயும் இல்லாமல், நள்ளிரவு தாண்டித்தான் இருவரும் வீடு வந்தார்கள். மறுநாள் காலை எல்லார் முன்னாலும் யோஹான்சன் தலைவரைக் குற்றம் சாட்டினார். சொன்னதில் தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் தலைவர் மன்னிக்கவில்லை. துருவ அணியிலிருந்து அவரை நீக்கி, வேறு பக்கம் ஆய்வுக்குப் போகும் சின்னக் குழுவில், வயதிலும் அனுபவத்திலும் தனக்கு இளைய பிரெஸ்ட்ருட்டின் கீழே போட்டார். யோஹான்சன் 1913 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பூட்ஸ் கடித்தால் பிரித்துப் பார்த்துத் தைக்கத் தெரிந்தவருக்கு, மனுஷன் கடிந்து பேசியதைத் தாங்கத் தெரியவில்லை.

அந்தப் பயணத்தின் பிறகு பூட்ஸ் மறுபடியும் பிரிக்கப்பட்டது. உறைந்த குதிகால்கள் ஆறுகிற வரை காத்திருந்தார்கள். அக்டோபர் 19 அல்லது 20-ம் தேதி (அவர்கள் கடிகாரக் கணக்கில் ஒருநாள் குழப்பம் உண்டு) அமுண்ட்சென், பியோலாண்ட், ஹான்சன், விஸ்டிங், ஹாசெல் என ஐந்து பேர் நான்கு வண்டி, 52 நாய்களோடு கிளம்பினார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 28 கி.மீ. போதும் என்று நிறுத்தி, மீதி நேரம் ஓய்வு. சமதளத்தில் வண்டியில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்கீயில் நின்றபடியே போனார்கள். அக்சல் ஹைபெர்க் பனியாற்றின் வழியாக மலைமேல் ஏறினார்கள். மேலே ஏறியதும் 24 நாய்களைச் சுட்டு, மற்ற நாய்களுக்கும் தங்களுக்கும் உணவாக்கினார்கள். முதலிலேயே போட்ட திட்டம்தான். இருந்தாலும் படிக்கும்போது மனசு கனக்கிறது. அதற்கப்பால் பிளவுகள் நிறைந்த இடத்தில், எட்டடி ஸ்கீ தன் வேலையைச் செய்தது.

டிசம்பர் 14 துருவம். கருவிக் கணக்கில் கொஞ்சம் பிசகு இருக்கலாம் என்று மூன்று பேரை மூன்று திசையில் ஸ்கீயில் 20 கி.மீ. அளவுக்கு அனுப்பினார். அடையாளம் நட அவர்கள் கையில் கொடுத்தது எது தெரியுமா? வண்டிக்கு மாற்றாக வைத்திருந்த அடிக்கட்டைகள், நுனியில் கொடி கட்டி! உதிரி பாகத்துக்கும் ஒரு வேலை. 1912 ஜனவரி 25-ல் 11 நாய்களோடு ஐவரும் ஃபிராம்ஹைம் திரும்பினார்கள்.

ஸ்காட் அணி ஜனவரி 17-ல் துருவத்தை அடைந்தது. திரும்பும் வழியில் ஐந்து பேரும் இறந்தார்கள். அவர்கள் தைரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சின்ன விஷயம் என்னை உறுத்துகிறது. கடைசிக் கட்டத்தில் ஐந்தாவது ஆளாகச் சேர்க்கப்பட்ட பௌவர்ஸின் ஸ்கீ சில நாள் முன்புதான் கிடங்கில் விட்டுவிடப்பட்டிருந்தது. நான்கு பேர் ஸ்கீயில் போக, குட்டையான அந்த மனிதர் துருவம் வரைக்கும், திரும்பி அந்தக் கிடங்கு வரைக்கும் பனியில் வெறும் பூட்ஸோடு வண்டியிழுத்தார்.

அமுண்ட்சென் அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. மாட் கப்பலில் வடகிழக்குக் கடல்வழி, 1924-ல் திவால், 1925-ல் விமானத்தில் 87 டிகிரி தாண்டிய பயணம். 1926 மே 12 அன்று நார்கே என்ற வான்கப்பலில் வடதுருவத்தின் மேல் பறந்தார். அதை ஓட்டிய இத்தாலியர் நோபிலேவோடு யாருக்குப் பெருமை என்று பெரிய சண்டை. இரண்டு வருடம் கழித்து அதே நோபிலே வேறொரு வான்கப்பலோடு பனியில் விழுந்தார் என்று செய்தி வந்தது. சண்டையை ஒதுக்கிவிட்டு, 1928 ஜூன் 18 அன்று டிராம்சோவிலிருந்து லாத்தம் என்ற பிரெஞ்சுக் கடல்விமானத்தில் அவரைத் தேடப் புறப்பட்டார் அமுண்ட்சென். மொத்தம் ஆறு பேர். நோபிலே காப்பாற்றப்பட்டார். லாத்தம் திரும்பவே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அதன் மிதவை ஒன்று கடலில் கிடைத்தது. அக்டோபரில் ஒரு பெட்ரோல் டேங்க் கிடைத்தது. அதன் வாயில் மரக்கட்டை அடித்து அடைத்திருந்தது. உடைந்துபோன மிதவைக்குப் பதிலாக அந்த டேங்கை மாட்ட, கடலில் மிதந்தபடியே யாரோ முயன்றிருக்கிறார்கள் என்று கருதுகிறார்கள்.